முப்பத்தேழு சுற்று

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான், திறப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது கல்லூரித் தாளாளருக்குத் தெரியவந்தது.

"எங்கய்யா இருக்குது அது?" என்று கேட்டார்.

கணினி நிர்வாகி தசரதன் மேஜை மேலிருந்த திரையைக் காட்டினார். "இதுதாங்க சார்."

"இது டிவி மாதிரி கீது. நான் கேக்கறது எக்ஸ்சேஞ்ச். ஒரு கட்டடம், ஒரு மிஷினு, ஏதாவது இருக்கணும்ல? ரிப்பன் எதுல கட்டறது?"

நியாயமான கேள்விதான். மாவட்டத்தின் நான்கு கல்லூரிகள் சேர்ந்து 'அருணை வளப் பரிமாற்றகம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தன. ஒரு கல்லூரியில் பெரிய கணினிகள் சும்மா கிடக்கும். இன்னொன்றில் பிள்ளைகள் கணினிக்கு வரிசையில் நிற்பார்கள். ஒன்றில் இணைய லைன் பகலெல்லாம் திணறும். மற்றதில் காலியாக ஓடும். நடுவே ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, யாரிடம் என்ன மிச்சம், யாருக்கு என்ன தேவை என்று பார்த்து, ஒரு ஒயரைக்கூடப் பிடுங்காமல் இங்கிருப்பதை அங்கே கொடுத்து வாங்கும். பரிமாற்றகம் என்பது அந்த மென்பொருள்தான். அதற்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"நம்ம ஊரு கூட்டுக் கிணறு மாதிரி சார்" என்றார் தசரதன். "நாலு பங்காளி, ஒரு மோட்டாரு, முறை வச்சுத் தண்ணி. முறை சொல்ற பெரியவருக்குப் பதிலா ஒரு புரோகிராம், அவ்ளோதான்."

"மேடையில கிணறு கிணறுன்னு சொல்லிடாதய்யா. கேவலமா இருக்கும்."

கேவலமாக இல்லாமல் சொல்வதற்குச் சென்னையிலிருந்து சுரேஷ்குமார் என்ற ஆலோசகரை வரவழைத்திருந்தார்கள். அவர் அதே கிணற்றை நாற்பத்திரண்டு ஸ்லைடுகளில் தோண்டினார். ஃபேப்ரிக் என்றார், ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்றார். தாளாளருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அதனாலேயே முழு மனதோடு ஒப்புக்கொண்டார். ரிப்பன் பிரச்சினைக்கும் சுரேஷ்குமாரே வழி சொன்னார்: ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று, உள்ளே கல்யாண வீட்டுச் சீரியல் லைட், வெளியே கண்ணாடிக் கதவு. பச்சையும் சிவப்புமாக மினுக்கினால் போதும். எலுமிச்சம்பழமும் குங்குமமும் கல்லூரிச் செலவு.

அதோடு நின்றிருந்தால் தேவலை. விழாவின் சிகரமாக 'டிஜிட்டல் கிரிவலம்' என்று ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தாளாளரின் முப்பரிமாண உருவம், ஒரு சொட்டு வேர்வை இல்லாமல், செருப்பு இல்லாமல், பதினான்கு கிலோமீட்டரையும் மூன்று நிமிடத்தில் சுற்றி வந்து கும்பிடு போடும். நிஜ தாளாளருக்கு இரண்டாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தக் கும்பிடு இயல்பாக வருவதற்காக நான்கு கல்லூரிகளின் உயர்ரகக் கணினிகளும் மூன்று வாரமாக ராப்பகலாக உழைத்துக்கொண்டிருந்தன. மாணவர்களுக்கென்று விட்டுவைத்தது இரண்டே பங்கு. அதில் ஒன்றில் ஆய்வகங்களின் அன்றாட வேலை ஓடியது.

மற்றொன்றில் ஆர்த்தியின் வேலை ஓடியது.

இந்த அலமாரியும் கும்பிடும் தசரதனுக்குச் சிரிப்பாக வந்திருக்க வேண்டும். ஆடி மாதத்துக்கு முன்பாக இருந்தால் வந்திருக்கும். வீட்டுக்குப் போய்த் தாளாளர் மாதிரியே வயிற்றைத் தள்ளி நடந்து காட்டியிருப்பார். மகள் ஆர்த்தி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் அதே கல்லூரியில்தான் எம்.இ. படித்தாள். ஆடியில் ஆறு நாள் காய்ச்சல். ஏழாம் நாள் இல்லை. இருபத்து மூன்று வயது.

அவள் செய்துகொண்டிருந்தது மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி பற்றிய ஆராய்ச்சி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வயல் வயலாகப் போய், நோய் பிடித்த இலை, பிடிக்காத இலை என்று பதினோராயிரம் படம் எடுத்திருந்தாள். அத்தனை படங்களையும் கணினிக்குக் காட்டிப் பழக்கினால், அப்புறம் எந்த விவசாயி எந்த இலையைப் படம் எடுத்து அனுப்பினாலும் அது இன்ன நோய் என்று சொல்லிவிடும். பரிமாற்றகம் வெள்ளோட்டத்தில் இருந்த ஆனி மாதமே, முதல் ஆளாகத் தனக்கு ஒரு பங்கு கேட்டு வாங்கி, வேலையை ஓடவிட்டிருந்தாள். வெள்ளோட்டத்தில் அது விட்டு விட்டுத்தான் ஓடியது.

"ஒரு வாட்டி பாத்தா அதுக்குப் பத்தாதுப்பா. எல்லா படத்தையும் நாப்பது சுத்து பாக்கணும். கிரிவலம் மாதிரி. அப்பதான் கொஞ்சம் புத்தி வரும்."

"உங்கம்மா நாப்பது சுத்துக்கு மேல சுத்திட்டாளே?"

"நான் மிஷினச் சொன்னேன்பா!"

அவள் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்து தசரதன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பட்டியலில் 'ஆர்த்தி த.' என்ற பெயருக்கு எதிரே பச்சை விளக்கையும் நாற்பத்தொரு சதவீதம் என்ற எண்ணையும் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அதுதான் வீட்டின் பேச்சு. வேங்கிக்கால் புது நகரில் அவர்கள் வீடு. காலையில் ஆறரைக்குப் போனில் எண்ணைப் பார்ப்பார். மனைவி வேதா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"எவ்ளோங்க?"

"அறுபத்தாறு."

சில நாள் சாயங்காலம் பார்த்தால் இரண்டோ மூன்றோ இருக்கும். ஒரு சுற்று முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதைச் சொல்லத் தசரதனுக்கு யாரும் தேவைப்படவில்லை. இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கிழக்குக் கோபுரத்தில் புறப்பட்டவன் மறுபடி கிழக்குக் கோபுரத்தில் நின்றால் ஒரு சுற்று முடிந்தது, வேறென்ன? வேதா காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் சுழிப்பாள். வாரத்துக்கு இரண்டு சுழி விழும். நூறு என்ற எண்ணை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகக் கவலைப்பட்டதும் இல்லை. நாம் பார்க்காத நேரத்தில் தாண்டியிருக்கும்.

மாதம் ஒருமுறை பரிமாற்றகம் ஒரு கேள்வி கேட்கும்: 'தேவை தொடர்கிறதா?' தசரதன் 'ஆம்' என்பார். அது பொய்தான். உயிரோடிருக்கும் மாணவருக்குத்தான் பங்கு என்ற விதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் ஊர்க் கிணற்றில் வேறொரு முறை இருந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு முறையில் மற்றவர்கள் கைவைக்க மாட்டார்கள். கருமாதி முடியும்வரை மோட்டார் சும்மா கிடக்கும், பயிர் வாடினாலும். கருமாதிக்கு மறுநாள் அந்த வீட்டார் மோட்டாரைப் போட வேண்டும். போடாவிட்டால் முறை அடுத்தவனுக்கு. தசரதன் தினமும் மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தன்னிடம் அப்படிச் சொல்லிக்கொள்வார்.

காலண்டரில் முப்பத்தேழு சுழி ஆகியிருந்தது. இன்னும் மூன்று. பத்து நாளில் முடிந்துவிடும். முடிந்ததும் ஆர்த்தியின் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொடுத்து, அவள் பெயரிலேயே வெளியிடச் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் அவர் அறைக் கதவைத் தட்டினாள். கூட்டில் சேர்ந்த இன்னொரு கல்லூரியின் கடைசி வருட மாணவி. பெயர் அன்புச்செல்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கார்த்திகை தீபக் கூட்டத்தில் கசங்கிய துப்பட்டாவை உதறிக்கொண்டே பேசினாள்.

"சார், திங்கக்கிழம எனக்கு வைவா. ஏரிங்களோட சேட்டிலைட் படத்தப் பாத்து, எந்த ஏரி எந்த மாசம் வத்தும்னு சொல்ற புராஜெக்ட். ஒரே ஒரு ரன்னு பாக்கி. இருபது நாளா வரிசையில நிக்கறேன், நம்பர் நகரவே மாட்டுது."

"விழா வேலை ஓடுதும்மா. புதன்கிழமைக்கு அப்புறம் எல்லாம் ஃப்ரீ ஆயிடும்."

"புதன்கிழமைக்கு அப்புறம் எனக்கு எதுக்கு சார்? ஃபெயில் மார்க்க வாங்கிக்கினு போறதுக்கா?"

தசரதன் சுரேஷ்குமாருக்குப் போன் போட்டார். ஒரு நாளைக்கு மட்டும் விழா வேலையிலிருந்து ஒரு பங்கு கழற்ற முடியுமா என்று கேட்டார். தாளாளரின் வேட்டி மடிப்பு இன்னும் சரியாக வரவில்லை என்று சுரேஷ்குமார் மிகுந்த கவலையோடு பதில் சொன்னார்.

"அப்ப இதக் கழட்டுங்க சார்." அன்புச்செல்வி தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "யாரு சார் இது, ஆர்த்தி? ஆனி மாசத்துலேருந்து குந்திக்கினு கீது. பெரிய எடத்துப் பொண்ணா?"

"இல்லம்மா."

"பின்ன எப்படி சார்? எங்களுக்கெல்லாம் பத்து மணி நேரம் குடுக்க அழுவறீங்க."

"அது முடியப் போவுது. இன்னும் மூணு சுத்து. பத்து நாள்ல தானா விட்ரும்."

"மூணு சுத்தா?" அவள் புருவத்தைச் சுருக்கினாள். கூட்டுப் பங்கில் ஓடும் எந்த வேலையின் குறிப்பேட்டையும் கூட்டாளிகள் யாரும் திறந்து பார்க்கலாம் என்பது விதி. அவள் திறந்தாள். தசரதன் இத்தனை மாதத்தில் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. மகளின் பீரோவைக் குடைவதுபோல் அவருக்கு ஒரு கூச்சம்.

அன்புச்செல்வி படிக்கப் படிக்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ சார். இத யாருமே பாக்கலியா? இது ஒரு சுத்துகூட உருப்படியா சேத்து வைக்கல சார்."

"இன்னாம்மா சொல்ற?"

"இந்தப் பர்சன்ட் ஒரு சுத்துக்கு இல்ல சார். நாப்பதுக்கும் சேர்த்து. அறுபத்தாறுனா இருபத்தாறு சுத்து முடிச்சிருக்குனு அர்த்தம். வாரத்துல ரெண்டு நாளு பெரிய லேபு இருக்கு. அன்னிக்குக் காலைல ஒம்பதுக்கு லேபுங்க தொறந்ததும், அதுங்களுக்கு எடம் விடணும்னு இத வெளிய தள்ளிடுது. சேமிச்சு வச்சிருந்தா மறுநாள் அங்கேருந்து புடிச்சுக்கும். இதுக்குச் சேமிக்க எடமே இல்ல. பாருங்க." அவள் விரலால் திரையைக் கீழே கீழே தள்ளினாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. 'சேமிப்பிடம் கிடைக்கவில்லை. முதலிலிருந்து தொடங்குகிறது.' "முப்பத்தேழு வாட்டி, சார். ஓடுது, வுழுது, மறுபடி மொதல் படத்துலேருந்து. நாலு மாசமா! எவளோ லூசு, போட்டுட்டு மறந்துட்டா."

தசரதன் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இது இன்னும் பாவம் சார். ரெண்டு வாட்டி ஞாயித்துக்கிழமயோட லீவும் சேந்து லேபு இல்லாததால நூறே தொட்டுருக்கு. மொத்தமா முடிச்சிட்டு, வைக்க எடம் தேடியிருக்கு. கிடைக்கல. தூக்கிப் போட்டுடுச்சு."

"எடம் எப்ப போச்சுனு போட்டுருக்கா?"

"ஆகஸ்ட் பதினாலு. கணக்கு மூடப்பட்டதுனு இருக்கு."

ஆகஸ்ட் பதினான்கு அவருக்குத் தெரியும். காரியம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். பச்சை விளக்கைப் பார்த்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நாள். அலுவலகம் ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருந்தது: படிப்பை விட்டவர்கள், வேறு கல்லூரிக்கு மாறியவர்கள், இறந்தவர்கள். பன்னிரண்டு மாணவர் கணக்குகளை மூட வேண்டும். ஒன்பதாவது காகிதத்தில் தந்தை என்ற இடத்தில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கணினி நிர்வாகி என்ற இடத்தில் இன்னொரு முறை போட்டார். பிறகு பன்னிரண்டையும் மூடினார். மூடிய கணக்கின் கிடங்கு முப்பது நாளில் தானாகவே அழியும். ஆர்த்தி எடுத்த படங்களின் மூலப் பிரதியும் அதில்தான் இருந்தது. ஓடும் வேலை வேறு, கணக்கு வேறு என்று நினைத்துக்கொண்டார். லைனைப் பற்றி, சுவிட்சைப் பற்றி இருபத்தோரு வருடம் தெரிந்தவர். படம் பார்த்துப் பழகும் நிரல் பழகியதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

"எடத்த மாத்திக் குடுத்தா ஓடும்ல?" என்று கேட்டார்.

"கணக்கு இருந்தா மாத்தலாம் சார், நிறுத்திக்கூட வைக்கலாம். ஆளே இல்லாத கணக்கு. ரெண்டே பட்டன்தான் வருது. நீட்டிக்கலாம், இல்ல விடலாம்."

"விட்டா படமெல்லாம்?"

"படம் அந்தப் பங்குக்குள்ளதான் இருக்கு. விட்டா தொடச்சிடும். ஆனா இருந்தும் இன்னா சார் புண்ணியம்? நம்மளால தொறந்து பாக்க முடியாது. அதுதான் பாத்துக்கினு கீது, சும்மா."

அந்தப் படங்களில் சிலவற்றை ஆர்த்தி எடுக்கும்போதே காட்டியிருக்கிறாள். ஒவ்வொரு இலையையும் இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்திருப்பாள். நகத்தில் மண் இருக்கும். பதினோராயிரம் படத்திலும் அந்த இரண்டு விரல்கள். இரவும் பகலும் ஓர் இயந்திரம் அவற்றைப் பார்த்தது. ஏதோ ஒரு காலை ஒன்பது மணிக்கு மறந்தது. மறுபடி முதல் படத்திலிருந்து பார்த்தது.

நீட்டித்தால் பார்த்துக்கொண்டே இருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பெண்ணை வேறு காரணம் சொல்லி அனுப்பிவிடலாம். அவர் சுட்டியை 'நீட்டு' பொத்தான் மேல் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

"சார்" என்றாள் அன்புச்செல்வி. குரலில் இருந்த வீம்பு இறங்கியிருந்தது. "இன்னிக்குச் சாயந்தரம் போட்டாதான் சார் நாளைக்குள்ள முடியும். எங்க அப்பா ஏரிப் பாசனத்த நம்பித்தான் பயிர் வைக்கறாரு. நான் ஒண்ணும் சும்மா கேக்கல."

தசரதன் 'விடு' பொத்தானை அழுத்தினார்.

உரிமையாளரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. அவருடைய சட்டைப் பையில் ஒரு போன் கிணுங்கியது. எடுத்தார். ஊதா உறை, பின்னால் ஒரு பூனைப் படம், மூலையில் கீறல். ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

அன்புச்செல்வி போனைப் பார்த்தாள். மேஜை மேலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பட்டியலில் 'ஆர்த்தி த.' என்ற வரி மறைவதைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சார், நான் லூசுனு..."

"உன் வேலையப் போடும்மா. யாராவது உள்ள பூந்துடப் போறாங்க."

"சார்..."

"போடும்மா."

அவள் போட்டாள். இரண்டு முறை தப்பாக அடித்தாள். பச்சை விளக்கு வந்தது. ஒரு சதவீதம் என்றது. அவள் எழுந்து ஏதோ சொல்ல வந்தாள். தசரதன் பஸ்ஸுக்கு நேரமாகிறது, தீபம் முடியும்வரை பஸ் ஸ்டாண்டை மாற்றிவிட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்று வழி சொல்லி அனுப்பிவைத்தார். கீழே வராந்தாவில் இரும்பு அலமாரிக்குச் சீரியல் லைட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை எரிந்தது, சிவப்பு மாட்டேன் என்றது. அதற்கு நான்கு பேர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் இருந்தது. வேதா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்து, துணியோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். தசரதன் எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. முப்பத்தேழும் சுற்று இல்லை என்றார். மூடப்பட்ட கணக்கைச் சொன்னார். படங்கள் போனதைச் சொன்னார்.

வேதா வெகுநேரம் ஒரே துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாட்டி முழுசா முடிச்சிதுன்னீங்களே?"

"முடிச்சிது."

"அப்ப அவ செஞ்சது சரியாதான் இருந்துது."

"சரியாதான் இருந்துது."

"அன்னிக்கு இலையக் காட்டியிருந்தா சொல்லியிருக்கும்."

"சொல்லியிருக்கும்."

அவள் தலையாட்டினாள். அதை மட்டும் எங்கோ உள்ளே வைத்துக்கொள்வதுபோல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நான்தான் மூடுனேன் வேதா" என்றார் தசரதன். "யாரோ மூடல. பன்னெண்டுல ஒண்ணா, என் கையால. படிச்சுக்கூட பாக்கல."

"நீங்க மட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கருமாதிக்கு முந்தின நாளு எடுத்துக்கினு வந்தீங்களே, அந்தக் காயிதம்தானே? அதுல அம்மானு ஒரு கோடு இருந்துது. எங்க போடறதுனு கேட்டேன். நீங்க விரல் வச்சுக் காட்டுனீங்க. போட்டேன்." வேதா துண்டை மடியில் வைத்தாள். "எதுக்குனு நானும் கேக்கல."